வெயிலைத் தாங்கும் மூலக்கூறு

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் ஒரு வழி சொல்வார்கள்: சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயப் போடு. சோப்புக்கு அசையாத மஞ்சள் கறை வெயிலில் வெளிறி, மெல்ல மெல்லக் காணாமல் போகும். அந்தக் கறைக்கு நிறம் தருவது குர்குமின் என்ற மூலக்கூறு. ஒளியை விழுங்கிய குர்குமின் உடைகிறது. உடைந்த துண்டுகளுக்கு மஞ்சள் நிறம் இல்லை.

வேட்டியைக் கொடியில் போடுகிறவரும் அதே வெயிலில்தான் நிற்கிறார். அவருடைய தோலின் உயிரணுக்களில் டி.என்.ஏ. இருக்கிறது. அதுவும் ஒரு மூலக்கூறுதான். அதுவும் ஒளியை விழுங்குகிறது. அதிலும், குர்குமின் விழுங்கும் நீல ஒளியைக் காட்டிலும் ஆற்றல் மிகுந்த புற ஊதா ஒளியை. அப்படியிருக்க, காலை முதல் மாலை வரை வயலில் நாற்று நடுகிறவரின் மரபணுக்கள் ஏன் மஞ்சள் கறையைப் போலச் சிதைந்துபோவதில்லை?

தோலின் மேலடுக்கும் அதிலுள்ள கருநிறமியும் காக்கின்றன, வானில் ஓசோன் படலம் காக்கிறது என்று பதில் சொல்லலாம். சரியான பதில்தான். டி.என்.ஏ. மிக அதிகமாக விழுங்கும் 260 நானோமீட்டர் அலைநீள ஒளி ஓசோனைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை. ஆனால் 300 நானோமீட்டரை ஒட்டிய ஒளி கொஞ்சம் வரவே செய்கிறது, அதையும் டி.என்.ஏ. சிறிதளவு விழுங்குகிறது. அந்த ஒளியின் ஒரே ஒரு துகளில் உள்ள ஆற்றல், இரண்டு கார்பன் அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒற்றைப் பிணைப்பை முறிக்கத் தேவையானதைவிட அதிகம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோலும் இல்லாமல் நிறமியும் இல்லாமல், வெறும் தண்ணீரில் கரைத்த டி.என்.ஏ. மீது ஆய்வுக்கூடத்தில் புற ஊதாவைப் பாய்ச்சினாலும், அது விழுங்கும் ஒளித்துகள்களில் 100க்கு 99க்கு மேல் எந்தச் சேதமும் செய்வதில்லை.

அப்படியானால் காவல் வெளியில் மட்டும் இல்லை, மூலக்கூறுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. அதை நேரில் பார்க்க 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விழுங்கிய ஒளி எங்கே போகிறது?

மூலக்கூறு ஒன்று ஒளித்துகளை விழுங்கும்போது அதன் எலெக்ட்ரான்களில் ஒன்று வழக்கமான நிலையை விட்டு ஆற்றல் மிகுந்த நிலைக்குத் தாவுகிறது. இப்படி ஆற்றல் ஏறியதைக் கிளர்ந்த மூலக்கூறு என்போம். அதன் குணம் அடியோடு மாறிவிடுகிறது. அணுக்கள் அவையேதான்; ஆனால் சில பிணைப்புகள் தளர்கின்றன, வடிவம் மாறப் பார்க்கிறது, சும்மா இருந்தபோது சீண்டாத பக்கத்து மூலக்கூறுகளோடு வினைபுரியத் துணிகிறது.

வாங்கிய ஆற்றலை அது எப்படியாவது இறக்கிவைத்தாக வேண்டும். ஒளியாகவே திருப்பி உமிழலாம். புத்தகத்தில் வரிகளுக்குக் கோடிடும் ஹைலைட்டர் பேனாவின் மை அப்படித்தான் மின்னுகிறது. வேதிவினையில் செலவிடலாம், குர்குமின் அழிவது அந்த வழியில். அல்லது அணுக்களின் அதிர்வாக, அதாவது வெப்பமாக மாற்றிச் சுற்றியுள்ள தண்ணீருக்குக் கொடுத்துவிடலாம். எது முந்துகிறதோ அதுவே மூலக்கூறின் கதியை முடிவு செய்கிறது.

ஒளிரும் சாயங்களில் பெயர்பெற்ற ஃபுளோரசீன், தண்ணீரில் கிளர்ந்த நிலையில் சுமார் 4 நானோ வினாடி நீடிக்கிறது. நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. நமக்கு அது நேரமே இல்லை. மூலக்கூறுகளின் உலகில் அது மிக நீண்ட பொழுது. அதற்குள் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கான முறை வந்து மோதிவிடும். கிளர்ந்த நிலையில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு விபத்துக்கும் வாய்ப்பு.

டி.என்.ஏ.வின் எழுத்துகள் என்று சொல்லப்படும் அடினின், குவானின், சைட்டோசின், தைமின் ஆகிய நான்கும் சாதாரண வெப்பநிலையில் ஒளிர்வதாகத் தெரியவில்லை. 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் அவற்றைத் திரவ நைட்ரஜனின் குளிரில் உறையவைத்துத்தான் ஒளிர்வைப் படித்தார்கள். 1971இல் அறை வெப்பத்திலேயே ஒரு மிக மங்கலான ஒளிர்வு அளக்கப்பட்டது: விழுங்கும் 10,000 ஒளித்துகளில் இரண்டு மூன்று திரும்பி வந்தால் அதிகம். இவ்வளவு மங்கல் என்றால் ஆற்றல் வேறு ஏதோ வழியில் மிக விரைவாக வெளியேறுகிறது. எவ்வளவு விரைவாக என்பதை ஊகிக்க முடிந்தது, அளக்க முடியவில்லை. அந்த வேகத்துக்கு அன்று கருவி இல்லை.

ஃபெம்டோ வினாடியை எட்டிய கதை

ஒளியால் மூலக்கூறுகளைச் சட்டென்று கிளர்த்தி, அடுத்து நடப்பதை இன்னோர் ஒளியால் பார்க்கும் முறையைத் தொடங்கி வைத்தவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ரொனால்டு நாரிஷும் அவருடைய மாணவர் ஜார்ஜ் போர்ட்டரும். போர்ட்டர் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் ரேடார் பிரிவில் பணியாற்றியவர். துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு அளப்பது அவருக்குப் பழகிய வேலை. 1940களின் இறுதியில் அவர்கள் பயன்படுத்தியவை லேசர்கள் அல்ல, பளிச்சென்று எரிந்து அணையும் மின்னல் விளக்குகள். அவற்றால் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கையும், பிறகு பத்து லட்சத்தில் ஒரு பங்கையும் எட்ட முடிந்தது. 1967இல் இருவருக்கும் ஜெர்மனியின் மன்ஃபிரெட் ஐகனுக்கும் சேர்த்து வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1960 மே மாதத்தில் கலிஃபோர்னியாவில் தியோடர் மேமன் முதல் லேசரை எரியவிட்டார். அதன்பின் துடிப்புகள் வேகமாகக் குறுகின. பெல் ஆய்வுக்கூடத்தில் சார்ல்ஸ் ஷாங்க், எரிக் இப்பன் போன்றோர் சாயத்தை ஊடகமாகக் கொண்ட லேசர்களால் 1970களிலேயே பிக்கோ வினாடிக்கும் கீழே இறங்கினார்கள். 1987இல் 6 ஃபெம்டோ வினாடித் துடிப்பு உருவானது. இங்கே இரண்டு அளவுகளையும் விளக்கிவிடுகிறேன். பிக்கோ வினாடி என்பது வினாடியில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஃபெம்டோ வினாடி அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஃபெம்டோ வினாடிக்கு ஒரு வினாடி எவ்வளவு பெரியதோ, அவ்வளவு பெரியது ஒரு வினாடிக்கு 3 கோடியே 20 லட்சம் ஆண்டுகள்.

இந்தத் துடிப்புகளை வேதியியலின் கருவியாக்கியவர் எகிப்தில் பிறந்த அகமது செவைல். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1987இல் அவருடைய குழு, அயோடின் சயனைடு என்னும் மூன்று அணு மூலக்கூறின் பிணைப்பு முறிவதைப் பின்தொடர்ந்தது. முறிவுக்கு ஆன நேரம் சுமார் 200 ஃபெம்டோ வினாடி. மூலக்கூறுக்குள் அணுக்கள் அசையும் வேகமே அவ்வளவுதான் என்பதால், வேதிவினை நடக்கும்போதே அதைப் பார்த்தாகிவிட்டது என்று சொல்லும் நிலை வந்தது. 1999இல் செவைலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நேரத்தை நீளமாக்குதல்

ஒரு தடை மிச்சம் இருந்தது. 300 ஃபெம்டோ வினாடியில் முடிந்துவிடும் நிகழ்ச்சியைப் பின்தொடரும் அளவுக்கு வேகமான கேமராவோ மின்னணு உணரியோ அன்று இல்லை. இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி, இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. நேரத்தை அளப்பதையே விட்டுவிட்டு, நீளத்தை அளந்தார்கள்.

ஒளி ஒரு பிக்கோ வினாடியில் 0.3 மில்லிமீட்டர் செல்கிறது. லேசரிலிருந்து வரும் ஒரே துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மற்றதைவிட 0.3 மில்லிமீட்டர் கூடுதலாகச் சுற்றிவரச் செய்தால், அது சரியாக ஒரு பிக்கோ வினாடி தாமதமாக வந்து சேரும். முதலில் போய் மூலக்கூறைக் கிளர்த்துவதை உசுப்புத் துடிப்பு என்றும், பின்னால் போய் நிலவரம் பார்த்து வருவதை வேவுத் துடிப்பு என்றும் வைத்துக்கொள்வோம். வேவுத் துடிப்பின் பாதையில் ஒரு கண்ணாடியைப் பின்னுக்கு நகர்த்தினால் தாமதம் கூடும். ஒளி கண்ணாடி வரை போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், ஒரு பிக்கோ வினாடித் தாமதத்துக்குக் கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். அவ்வளவு நுட்பமாக ஒரு மேடையை நகர்த்துவது கைவரக்கூடிய வேலைதான்.

வேவுத் துடிப்பின் எந்த நிறங்கள் விழுங்கப்பட்டன, எவை தப்பி வந்தன என்று பார்ப்பதுதான் நிறமாலையியல். ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு நிலையில் விழுங்கும் நிறங்கள் வேறு வேறு. ஆகவே விழுங்கப்பட்ட நிறத்தைக் கொண்டு, அந்தக் கணத்தில் மூலக்கூறு எந்த நிலையில் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

அடினோசினைப் பின்தொடர்தல்

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்ன் கோலரின் குழு செய்த சோதனையை எடுத்துக்கொள்வோம். அடினோசின் என்பது அடினினும் ஒரு சர்க்கரையும் சேர்ந்தது. அதைத் தண்ணீரில் கரைத்து, 263 நானோமீட்டர் புற ஊதாவை உசுப்புத் துடிப்பாகச் செலுத்தினார்கள். வேவுத் துடிப்புக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளி. சாதாரண அடினோசின் இந்த ஒளியைத் தொடாது. அதனால்தான் அதன் கரைசல் நிறமற்று இருக்கிறது. கிளர்ந்த அடினோசின் இதை விழுங்கும். எனவே வேவுத் துடிப்பு மங்கி வந்தால், கிளர்ந்த மூலக்கூறுகள் இன்னும் இருக்கின்றன என்று பொருள்.

இரண்டு துடிப்புகளும் ஒருசேர வரும்படி கண்ணாடியை வைத்தால் மங்கல் மிக அதிகம். கண்ணாடியைச் சுமார் 45 மைக்ரோமீட்டர், அதாவது மெல்லிய தலைமுடி ஒன்றின் தடிமன் அளவு, பின்னுக்கு நகர்த்தினால் தாமதம் 300 ஃபெம்டோ வினாடி. மங்கல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேலாகச் சுருங்கிவிடும். இன்னொரு 45 மைக்ரோமீட்டர் நகர்த்தினால் எட்டில் ஒரு பங்கு. ஒரு பிக்கோ வினாடியை எட்டும்போது நூற்றுக்கு மூன்று மூலக்கூறுகளே கிளர்ந்த நிலையில் மிஞ்சியிருக்கும். இந்தத் தேய்வின் கணக்கிலிருந்து கிடைத்த ஆயுள் 290 ஃபெம்டோ வினாடி. டி.என்.ஏ.வின் மற்ற மூன்று எழுத்துகளுக்கும் இதே முறையில், சர்க்கரையோடு சேர்ந்த வடிவத்தில், அளந்தார்கள்: குவானினுக்கு 460, தைமினுக்கு 540, சைட்டோசினுக்கு 720. நான்கில் ஒன்றுகூட ஒரு பிக்கோ வினாடியைத் தொடவில்லை. ஃபுளோரசீனின் ஆயுள் அடினோசினுடையதைப் போல ஏறத்தாழ 14,000 மடங்கு.

எழுதும்போது எளிதாக இருப்பது மேசையில் அவ்வளவு எளிதில்லை. ஒரு துடிப்பில் ஏற்படும் மங்கல் மிகமிகச் சிறியது. பல்லாயிரம் துடிப்புகளின் சராசரியிலிருந்துதான் அது தலைகாட்டும். அடிபட்ட மூலக்கூறே மீண்டும் அடிபடாதிருக்கக் கரைசலை ஓடவிட வேண்டும். தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. உசுப்புத் துடிப்பு வலுவாக இருந்தால் தண்ணீரே எலெக்ட்ரானை உதறுகிறது. அந்த எலெக்ட்ரானும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கும். இதைத் தனியே இனங்கண்டு கழிக்காவிட்டால், தண்ணீரின் கதையை டி.என்.ஏ.வின் கதை என்று எழுதிவிட நேரும். இத்துறையில் ஒரு எண்ணை நம்புவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தீர்களா என்பதுதான்.

அடினோசின் விழுங்கிய ஆற்றல் எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் லேசரே விடை தந்தது. வேவு பார்க்கப் புற ஊதாவைப் பயன்படுத்தினால் தெரிவது, மூலக்கூறு பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பியதா என்பது. அதற்கு இரண்டு பிக்கோ வினாடியும் கொஞ்சமும் ஆகிறது. ஒரு பிக்கோ வினாடிக்குள் கிளர்ச்சி தீர்ந்தும் ஏன் இந்த இடைவெளி? இடைப்பட்ட நேரத்தில் மூலக்கூறு கொதித்துக்கொண்டிருக்கிறது. விழுங்கிய ஆற்றல் முழுவதும் அதன் சில அணுக்களின் அதிர்வாகக் குவிந்திருக்கும் அந்தப் பொழுதில் அதன் வெப்பநிலை ஏறத்தாழ ஆயிரம் டிகிரி என்று கணிக்கிறார்கள். பக்கத்திலுள்ள தண்ணீர் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டதும் அடினோசின் எதுவும் நடவாததுபோல் பழைய அடினோசினாகிவிடுகிறது.

வாட்டம் சரியாக இருந்தால்

ஏன் இவ்வளவு வேகம்? மொட்டைமாடித் தளம் போடும் கொத்தனார் வாட்டம் பார்த்துப் பூசுவார். வாட்டம் சரியாக இருந்தால் மழைநீர் விழுந்த வேகத்தில் வடிகுழாய்க்கு ஓடிவிடும். நடுவில் ஒரு பள்ளமோ குழாயின் வாயில் ஒரு மேடோ இருந்தால் நீர் தேங்கும். தேங்கிய நீர் பாசியும் கசிவும் தரும். கிளர்ந்த மூலக்கூறின் ஆற்றல் பரப்பும் அப்படித்தான். மேல்தளம் கிளர்ந்த நிலை, தரை சாதாரண நிலை. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடங்கள் சில மூலக்கூறுகளில் உண்டு. அந்த இடத்தில் இரண்டு பரப்புகளும் கூம்புகளைப் போல முனையோடு முனை சேர்வதால் அதைக் கூம்புச் சந்திப்பு என்கிறோம். அதுவே வடிகுழாய். அடினினின் தட்டையான வளையத்தில் ஒரு கார்பன் அணு தளத்தை விட்டு எழும்பி வளையம் மடங்கும்போது இந்தச் சந்திப்பு வருகிறது என்று கணக்கீடுகள் காட்டுகின்றன. அடினினில் மேல்தளத்திலிருந்து அங்கே போகும் வழி முழுவதும் ஏறக்குறைய இறக்கம்தான்.

இதற்குச் சான்றாக நிற்கும் மூலக்கூறு 2-அமினோபியூரின். அடினினில் உள்ள அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில். ஒரே வேறுபாடு: நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு குழு, வளையத்தில் ஒட்டியிருக்கும் இடம் மாறியிருக்கிறது. அந்த இடமாற்றம் வடிகுழாயின் வாயில் ஒரு மேட்டை எழுப்பிவிடுகிறது. விளைவு, அது கிளர்ந்த நிலையில் சுமார் 10 நானோ வினாடி தேங்கி நின்று, பளிச்சென்று ஒளிர்கிறது. டி.என்.ஏ. ஆய்வில் அடினினுக்குப் பதிலாக இதைச் செருகி, அதன் ஒளிர்வைக் கொண்டு உளவு பார்க்கிறார்கள்.

இதிலிருந்து ஓர் அழகான ஊகம் பிறந்தது. ஓசோன் படலம் உருவாகாத ஆதி பூமியில் கடுமையான புற ஊதா தரை வரை வந்தது. ஆகவே அதைத் தாங்கிய மூலக்கூறுகள் மட்டுமே உயிரின் எழுத்துகளாக நிலைத்தன என்பது அது. எனக்கும் இந்த ஊகம் பிடிக்கும். ஆனால் அதை நிறுவப்பட்ட உண்மையாக எழுதும் நூல்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த நான்கும் தாங்குகின்றன என்பது அளவீடு. தாங்கியதால்தான் தேர்வாயின என்பது, அளந்து பார்க்க முடியாத ஒரு காலத்தைப் பற்றிய கூற்று.

தப்பாத அந்தச் சிறு பங்கு

வெயிலால் டி.என்.ஏ.வுக்குச் சேதமே இல்லை என்று பொருளல்ல. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்கள் ஒளியை விழுங்கியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. இந்தத் தைமின் இரட்டைதான் வெயில் உண்டாக்கும் சேதங்களில் முதன்மையானது. சரிசெய்யப்படாமல் போனால் தோல் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியது.

2007இல் ஜெர்மனியின் மியூனிக்கில் ஒரு குழு, கோலருடன் சேர்ந்து, 18 தைமின்கள் மட்டுமே கோத்த ஒரு சங்கிலியை அகச்சிவப்பு ஒளியால் வேவு பார்த்தது. ஒட்டிக்கொண்ட இரட்டைக்கு உரிய அடையாளம் ஒரு பிக்கோ வினாடிக்குள் முழுமையாக வந்துவிட்டது. இந்த எண் சொல்வது வியப்பானது. அவ்வளவு குறுகிய நேரத்தில் இரண்டு தைமின்களும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பி நெருங்க வழியே இல்லை. ஒளி வந்து விழும் கணத்தில் ஏற்கெனவே சரியான நெருக்கத்திலும் கோணத்திலும் நின்றவை மட்டுமே ஒட்டிக்கொள்கின்றன; மற்றவை எல்லாம் ஆற்றலை வெப்பமாக இறக்கிவிட்டுத் தப்பிக்கின்றன. சேதம் இவ்வளவு அரிதாக இருப்பதன் காரணமும் இதுதான்.

ஒட்டியதைப் பிரிக்கவும் உயிர்களிடம் வழி உண்டு. பாக்டீரியாக்களிலும் செடிகளிலும் ஒளியின் ஆற்றலைக் கொண்டே இரட்டையைப் பிரிக்கும் நொதி இருக்கிறது. நம்மிடம் அது இல்லை. நம் உயிரணுக்கள் பழுதான பகுதியை வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புகின்றன. இந்தப் பழுதுபார்ப்பை விளக்கிய அசிஸ் சன்ஜார் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறவியிலேயே இந்தத் திறன் குறைந்தவர்களுக்குச் சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது. மூலக்கூறின் வேகம் காப்பாற்றியது போக மிச்சமுள்ள சேதம் எவ்வளவு கொடியது என்பதை அவர்களின் வாழ்க்கை காட்டுகிறது.

கிரீமுக்குள்ளும் இதே கேள்வி

தோலில் பூசும் சன்ஸ்கிரீனுக்கும் இதே அளவுகோல்தான். அது புற ஊதாவை விழுங்கினால் மட்டும் போதாது. விழுங்கியதை உடனே வெப்பமாக்கிவிட்டு அடுத்த ஒளித்துகளுக்குத் தயாராக வேண்டும். பெரிதும் பயன்படும் அவோபென்சோன் இதில் தேறவில்லை: வெயிலிலேயே சிதைகிறது. அதனால் அதைத் தாங்கிப் பிடிக்க ஆக்டோகிரைலீன் போன்ற துணைப் பொருள் சேர்க்கிறார்கள். புதிய சன்ஸ்கிரீன் மூலக்கூறுகளை ஃபெம்டோ வினாடி லேசரில் வைத்துச் சோதிப்பது இன்று தனி ஆய்வுத் துறையாகிவிட்டது.

டி.என்.ஏ.வின் கதையும் முடியவில்லை. தனி எழுத்துகள் ஒரு பிக்கோ வினாடிக்குள் ஆற்றலை இறக்கிவிடுகின்றன, சரி. ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இரட்டைச் சுருளாகும்போது, கிளர்ச்சி பக்கத்து எழுத்துக்கும் பரவி, பத்து, நூறு பிக்கோ வினாடிகள் வரை தங்குவதைக் கோலர் குழு 2005இல் காட்டியது. அந்தக் கூடுதல் நேரத்தில் என்ன நடக்கிறது, அது காவலா ஆபத்தா என்ற விவாதம் தொடர்கிறது.

இந்த வேலை எங்கோ தொலைவில் நடப்பது என்று எண்ண வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் ஃபெம்டோ வினாடி லேசர்கள் இயங்குகின்றன. வேதியியலோ இயற்பியலோ படிக்கும் மாணவர் யாராவது இதை வாசித்தால், கல்லூரி ஆசிரியரிடம் சொல்லி இப்படி ஒரு கூடத்தை நேரில் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கண்ணாடி மேடை நகர்வதையும், திரையில் அந்தத் தேய்வுக் கோடு புள்ளி புள்ளியாக எழுவதையும் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.